காயாத ஒட்டு

மூன்று வருடமாக வெயிலில் கவிழ்ந்து கிடந்த படகின் அடிப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் ஈரமாக இருந்தது. ஓமானின் சூர் நகரில் அந்த வருடம் ஒரு தூறல்கூட இல்லை. கல்ஃபான் விரலால் தொட்டு முகர்ந்தான். சற்றுமுன் கலக்கியதுபோல ரெசின் பசையின் காரநெடி.

அவன் போட்ட ஒட்டு அது.

தங்கை ஸுவைனாவுக்கு அடுத்த வாரம் மறுமணம். கணவன் கமீஸைக் கடலில் விட்டுவிட்டு வெறுமையாகக் கரையொதுங்கிய இந்த ஃபைபர் படகு அதற்குள் முற்றத்தை விட்டுப் போக வேண்டும் என்றிருந்தாள். எரித்தால் நச்சுப்புகை. அறுத்துத்தான் அள்ள வேண்டும்.

வஞ்சிர மீன்பிடித் தடை நீங்குவதற்கு முந்தைய மாலை அவனுக்கு மறக்கவில்லை. விரிசலை உலரவிட்டு ஒட்ட வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் ஈரத்தின் மேலேயே பசையைப் பூசினான். எந்த ஒட்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்காமல் கமீஸ் கடலில் இறங்க மாட்டான். அன்றும் ஒட்டை நோக்கி நீண்ட அந்தக் கையைக் கல்ஃபான்தான் தட்டிவிட்டான். "காஞ்சிடுச்சு மச்சான். என்மேல நம்பிக்கை இல்லையா?"

ஸுவைனா காவா காப்பி கொண்டுவந்தாள். "படகை அறுக்கச் சொன்னேனா, தடவிக்கொடுக்கச் சொன்னேனா?" என்றவள், சற்றுப் பொறுத்து, "அவருக்குத்தான் எல்லாத்துலயும் அவசரம். காயறதுக்குள்ள எறங்கிட்டாரு. நீ மனசப் போட்டு வதைச்சுக்காதண்ணே" என்றாள்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். காவா மட்டும் தொண்டையில் இறங்கியது.

அவள் உள்ளே போனதும் அறுக்கும் மெஷினை ஓட்டினான். வெண்தூள் கழுத்தில் ஒட்டி அரித்தது. பொழுது சாய, பள்ளிவாசலின் பாங்கொலியும் அடங்கி, முற்றத்தில் மெஷினின் அலறல் மட்டும் மிஞ்சியது. ஒட்டை நெருங்கியதும் அது தானாக நின்றது.

படகுக்கடியில் தண்ணீர் அலம்பியது.

பெயின்ட் உரிந்த இடத்தில் ஒட்டு மங்கலான கண்ணாடிபோல இருந்தது. அதன் உட்புறம் ஏதோ நகர்ந்தது. வந்து ஒட்டிக்கொண்டது.

ஓர் உள்ளங்கை.

மெல்ல அழுத்தியது. எடுத்தது. மறுபடி அழுத்தியது.

"ஏண்ணே நிறுத்திட்டே?" ஸுவைனா வாசலில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. உள்ள போ."

அவள் போகவில்லை. குனிந்து ஒட்டின்மேல் கையை வைத்தாள். முகம் மாறியது.

"அண்ணே… இது காயவே இல்லையே."

அவள் அவனையே பார்த்தாள். கையை எடுக்கவில்லை. அந்தக் கைக்குக் கீழே, அவள் விரல்களைவிட நீண்ட விரல்கள், கறுப்பாக, ஒவ்வொன்றாக வந்து பொருந்தின.