பொடிசும் ஒரு பானை மீனும்

குடிவரலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த மூன்று பேரில், இரண்டு பேருக்கு அந்த வெயில் நாடு பிடித்துவிட்டது. பிடிக்காத ஒரே ஆள் பொடிசு.

அவள் அம்மா மெக்கானிக். அங்கே துறைமுகத்து ஐஸ் ஆலையில் தலைமை மெக்கானிக் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சாப்பாடு நம்ம மூணு பேருக்கும் ஒத்துக்கணும். இல்லன்னா வர முடியாது" என்றார் அம்மா.

அதனால் தெருத்தெருவாகச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். அப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். "இது என்னன்னு தெரியல. ஆனா இன்னொண்ணு குடுங்க!" என்று கடைக்குக் கடை கேட்டார்.

பொடிசு மட்டும் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்தாள். முள்தோல் பழத்தின் வெண்ணெய் போன்ற சதையைச் "சோப்பு மாதிரி இருக்கு" என்றாள். உண்மையில் அது தேனாக இனித்தது. ஆனால் இந்த ஊருக்கே குடிவந்துவிட்டால், பக்கத்து வீட்டுத் தோழியை விட்டுவிட்டு அல்லவா வரவேண்டும்?

மத்தியானம் துறைமுக வாசலில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடைக்குப் போனார்கள். கடைக்காரரை எல்லோரும் 'பெரியக்கா' என்று கூப்பிட்டார்கள். அவர் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனைச் சோற்றின்மேல் ஊற்றினார். பொடிசு தன்னை மறந்து சாப்பிட்டாள். தட்டை வழித்துவிட்டு விரலையும் நக்கினாள்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இவளுக்கே பிடிச்சிடுச்சு! அப்போ சரின்னு சொல்லிடட்டுமா?"

பொடிசுக்குத் திக்கென்றது. சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வயிறு வலிக்குது. ரொம்ப வலிக்குது."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து, "வரலன்னு சொல்லிட்டேன்" என்றார். பொடிசின் தலையைத் தடவினார். தன் தட்டை அப்படியே தள்ளிவைத்தார்.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் பொடிசுக்குச் சந்தோஷமே வரவில்லை.

வயிற்றுவலி என்று காதில் விழுந்ததும் பெரியக்கா பானையை முகர்ந்து பார்த்தார். கரண்டியில் எடுத்து ருசி பார்த்தார். ஒன்றும் புரியாமல் உதட்டைப் பிதுக்கினார். பிறகு பாதிக்குமேல் மீன் இருந்த பானையைப் பின்பக்கம் தூக்கிப்போய், சாக்கடையில் கொட்டிவிட்டார்.

அந்நேரம் பார்த்து மூட்டை தூக்குகிறவர்கள் பசியோடு வந்தார்கள்.

"இன்னைக்குச் சாப்பாடு இல்லப்பா. ஒரு குழந்தைக்கு ஒத்துக்கல" என்றார் பெரியக்கா. குரல் கம்மியிருந்தது.

"உங்க சாப்பாடா?" என்று ஒருவர் ஆச்சரியப்பட்டார். அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் பொடிசு எழுந்து தெருவுக்கு ஓடினாள்.

"அண்ணா! நில்லுங்க! சாப்பாட்டுல ஒரு கோளாறும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். எனக்கு வயிறே வலிக்கல!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பொடிசின் காது சிவந்துவிட்டது. உள்ளே வந்து, "மன்னிச்சுடுங்க பெரியக்கா. திரும்பவும் சமைப்பீங்களா? நான் கூட நின்னு வேலை செய்யறேன்" என்றாள்.

பெரியக்கா ஒரு கூடை வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளினார். "உரி. அழணும்னா இப்பவே அழுதுக்கோ. வெங்காயத்துமேல பழி போட்டுடலாம்."

பொடிசு உரித்தாள். அழவும் செய்தாள்.

அம்மா மறுபடி ஆலைக்குப் போன் செய்தார். "வேற ஒருத்தர் காத்துக்கிட்டிருந்தாராம். அவருக்குக் குடுத்துட்டாங்க" என்றார். திட்டவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். "வரப் பிடிக்கலன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அம்மா யோசித்தார். "கேட்டிருப்பேன்டி."

பொடிசு இன்னொரு வெங்காயத்தை எடுத்துக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் புதுப் பானை இறங்கியது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பொடிசே ஓடியாடிப் பரிமாறினாள். அவள் தனக்குத் தட்டு போட்டபோது பெரியக்கா கரண்டியோடு நின்று, "மொதல்ல உன் வயித்தக் கேட்டுட்டுச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஆனால் அவர் கண்கள் ஐஸ் ஆலையின் கூரைப் பக்கம் போய்ப் போய்த் திரும்பின.

பொடிசு தன் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்தாள். முள்ளையெல்லாம் பொறுமையாக நீக்கி, அதை அம்மாவின் தட்டில் வைத்தாள். அம்மா அதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை, அவள் தன் சோற்றில் கை வைக்கவில்லை.