தாழ்ப்பாள் இல்லாத கதவு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நேரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அவை சரிதான். மற்றவற்றில் எனக்கே சந்தேகம் உண்டு.

ஞாயிறு மாலை ஐந்து பத்துக்குப் பழைய சலவைக்கூடத்தின் முன் வந்து நின்றோம். மாலை வகுப்பில் உள்ளூர் வரலாறு படிக்கும் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்டடத்தை ஆராய்ந்து, அதன் கதையை அதன் வாசலிலேயே நின்று தெருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு விழுந்தது இந்தக் கூடம். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் இங்கே தீப்பிடித்து ஏழு பெண்கள் இறந்தார்கள். அப்போது காவலாளியாக இருந்தவர் என் அப்பா.

மூன்று வாரம் முன்பு வரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் உள்கதவு எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. அப்பா எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். குளிக்கப் போனால் பாட வேண்டும். உள்ளே ஆள் இருப்பதற்கு அதுதான் அடையாளம். "ஏண்ணா, பாட வராதவங்க உங்க வீட்டுல குளிக்காமலே இருக்கணுமா?" என்று அத்தை கேலி செய்வாள். அப்பாவின் கிறுக்குகளில் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தீப்பிடித்த அன்று பிழைத்தவர் இஸ்திரிக்காரம்மா மட்டும். துணி கொடுக்க வெளியே போனவர், புகை கிளம்பிய நேரத்தில்தான் திரும்பி வந்திருக்கிறார். மூன்று வாரம் முன்பு அவரைத் தேடிப் போனேன்.

"கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சும்மா. வேலை நேரத்துல ஒருத்தியும் வெளிய போகக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. சாவி உங்கப்பா கையில. புகையப் பாத்தாரு. ஆனா தெறக்கல. மொதலாளிகிட்ட கேட்டுட்டு வரேன்னு ஓடினாரு."

என் பேனா நின்றுவிட்டது.

"என்ன, மை தீந்துபோச்சா?" என்றார்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். மறுக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "ஏழு பேர் செத்ததச் சொல்லு. பூட்ட மட்டும் விட்டுடும்மா. இந்தத் தெருவுலதான நான் நடக்கணும்" என்றார்.

விட்டுவிட்டேன்.

"தீ வேகமாகப் பரவியதால் அவர்களால் வெளியேற முடியவில்லை" என்று ஞாயிறன்று எல்லார் முன்னும் படித்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து இஸ்திரிக்காரம்மா, "ஏன் முடியலன்னு சொல்லு" என்றார். காதில் விழாததுபோல் தாளைத் திருப்பினேன். கை தட்டினார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சோப்புத் தண்ணீரில் துணி கொதிக்கும் வாசனை.

அது வீடு வரை கூட வந்தது. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் தெரு காலியாக இருந்தது. ஆனால் நான் நின்றால், ஈரக்கால்கள் தரையில் ஒட்டி எழும் சத்தம் ஒரு கணம் கழித்தே நின்றது.

ஆறு நாற்பதுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. வீட்டுக் கூடத்துப் பக்கம் திறக்கும் கதவு அது. நான் இழுத்தால் போதும்.

உள்ளிருந்து தட்டினார்.

"யாரும்மா பூட்டினது?"

"அதுல தாழ்ப்பாளே இல்லையேப்பா."

"தள்ளிப் பாத்துட்டேன், தெறக்க வரல. இங்க ஒரே புகையா இருக்கும்மா."

தட்டல் இடியாக மாறியது.

கதவுப் பலகை சுட்டது. என் இரண்டு பக்கமும் யாரோ மூச்சு விட்டார்கள். ஒருவர் அல்ல.

"தெறம்மா!"

நான் அசையவில்லை.

சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பத்தாறு காட்டியபோது, யார் சொல்லச் சொன்னார்கள் என்று தெரியாமலே முணுமுணுத்தேன். "வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. சாவி எங்கப்பா கையில இருந்துச்சு. அவர் தெறக்கல."

கதவு திறந்துகொண்டது. அப்பா வியர்வையில் நனைந்து வெளியே வந்து விழுந்தார். அறையில் புகை எதுவும் இல்லை.

"கதவ யாரு அமுக்கிப் பிடிச்சது?"

"காத்தா இருக்கும்ப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவின் வெளிப்புறத்தைப் பார்த்தார். நீர் சொட்டும் கைத்தடங்கள். எண்ணினேன். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். பதினாறு.

ஏழு பேருக்குப் பதினான்கு.

மீதி இரண்டின் மேல் என் உள்ளங்கைகளை வைத்துப் பார்த்தேன். பொருந்தின. இழுக்க வேண்டிய கதவை ஆறு நிமிடம் நான் அழுத்திப் பிடித்திருந்தேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் இல்லை என்று எழுதுகிறேன். அதையும் நான் நம்பவில்லை.

மறுநாள் சாவி, உத்தரவு, அப்பாவின் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வகுப்பில் கொடுத்தேன். அப்பா என்னுடன் பேசுவதில்லை. குளிக்கும்போது பாடுவதும் இல்லை.

அந்தப் பதினான்கு தடங்களும் அன்று மாலையே காய்ந்துவிட்டன.

மற்ற இரண்டையும் நாலு தடவை துடைத்துவிட்டேன். இன்னும் சொட்டிக்கொண்டிருக்கின்றன.