அடிக்காத வாசல் மணி

கணவர் ஜெயவேலுவைத் தேடித்தரச் சொல்லி லோகநாயகி டீச்சர் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த துப்பறிவாளர் தனசிங்கின் அலுவலகத்துக்கு வந்தபோது, கணவர் காணாமல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. ஜெயவேலுவுக்கு ஞாபகம் தப்பி மூன்று வருடம். கதவு திறந்திருந்தால் கால் போன போக்கில் நடந்துவிடுவார். அதற்காகவே மாடம்பாக்கம் வீட்டு வாசலில் சென்சார் வைத்திருந்தார்கள். பாழாய்ப்போன சென்சார், அன்றைக்கென்று பார்த்து வாயைத் திறக்கவில்லை.

"முதல்ல உடம்புச் சூட்டைப் பாக்கறது வாங்கினேன் சார். தெருநாய் வந்தாலும் அடிச்சுது. அடுத்து தரை அதிர்வைப் பாக்கறது. தண்ணி லாரி போனா அடிச்சுது. கடைசியா கேட்டுக்கு வெளிய, தரைக்கு அடியில புதைக்கிற பாய். ஆள் கால் பட்டாத்தான் அடிக்கும்னாங்க. வச்ச அன்னிக்குப் பத்து தடவை நடந்தோம், பத்தும் அடிச்சுது. வீட்டு வேலைக்கு வர்ற கிளியம்மாதான் ஆஃப் பண்ணிட்டு அவரை யார்கூடவோ அனுப்பியிருக்கணும். போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன்."

தனசிங்கின் உதவியாளர் தமிழினிக்கும் அதே சந்தேகம்தான். மறுநாள் காலை தனசிங்கோடு மாடம்பாக்கம் வீட்டுக்கு வந்தவள், வாசல் கோலத்தை ஒதுங்கிக் கடந்து உள்ளே போனாள். அந்த நிலைமையிலும் டீச்சர் கோலம் போட்டிருந்தார். போடாமல் விட்டால் அபசகுனமாம்.

எதிர்வீட்டில் வேலையாக இருந்த கிளியம்மாளைக் கூப்பிட்டார்கள். "அத்தோட சுச்சு எங்க கீதுன்னே எனுக்குத் தெரியாதுக்கா. டேசன்ல மூணு நாளா உக்கார வச்சுக் கேட்டதையே கேட்டுகினு கீறாங்க," என்றாள் கண் கலங்கி.

டீச்சரின் போனில் சென்சார் பதிவைத் தமிழினி திறந்தாள். "பாருங்க சார், அன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு அடிச்சிருக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. நடுவுல ஆஃப் பண்ணியிருக்காங்க."

"மத்த நாள்?"

அவள் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று. எல்லா நாளும் ஆறு மணிக்கு மட்டும்தான். ஏழு மணிக்குத் தவறாமல் வரும் கிளியம்மாளின் காலடிகூட இல்லை. பாய் புதைத்த நாளில் மட்டும் பதிவுகள் நிரம்பிக் கிடந்தன.

"ஏன் டீச்சர், யார் வந்தாலும் அடிக்கலைன்னு கவனிக்கலையா?"

"சும்மா சும்மா அடிக்காம இருந்ததே நிம்மதின்னு விட்டுட்டேன் சார்."

"பாய் புதைச்சது என்னிக்கு?"

"அமாவாசைக்கு. நிறைஞ்ச நாளாச்சேன்னு."

"அன்னிக்குக் கோலம்?"

"அமாவாசைக்குக் கோலம் போடறதில்லையே," என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

தனசிங் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மறுநாள்லேர்ந்து பாய்க்கு மேலதான் தினமும் கோலம். ஆறு மணிக்குப் பதிவானது நீங்க கோலம் போடற காலடி. அதுக்கப்புறம் அதை யார் மிதிக்கறாங்க? கிளியம்மா ஓரமாப் போறாங்க. இப்ப தமிழினியும் ஒதுங்கித்தான் வந்தா. உங்க வீட்டுக்காரருக்கு எது மறந்தாலும் கோலத்தை மிதிக்கக் கூடாதுங்கறது மறக்கலை. யாரும் எதையும் ஆஃப் பண்ணலை டீச்சர். யாரும் அவரைக் கூட்டிட்டும் போகலை. தனியாத்தான் போயிருக்கார்."

எவ்வளவு கச்சிதமாகச் சொல்லிவிட்டார் என்று தமிழினிக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. கிளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் தமிழினி போனை அணைத்தாள்.

"கிளியம்மா, என்னை மன்னிச்சுடு," என்றார் டீச்சர். பிறகு தனசிங்கைப் பார்த்தார். "யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா, ஒரு வாய் சோறாவது போட்டிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் சார்."