மூடாத ஜாடி

சாமான் வண்டியிலிருந்து கண்ணாடி ஜாடிகள் இருந்த பெட்டியை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

"உள்ள என்னம்மா, தங்கமா?" சாவியோடு நின்ற வீட்டுக்காரர் கேட்டார்.

"கண்ணாடிங்க. இது உடைஞ்சா என் பொழப்பே உடைஞ்ச மாதிரி."

ஒருமுறை உடையத்தான் செய்தது. அதைப் பொறுக்கும்போது வலது கைச் சுண்டுவிரலில் நரம்பு அறுந்து, அன்றிலிருந்து அந்த விரல் கொக்கி போல வளைந்தே நிற்கிறது.

முன்னறை, சமையலறை, பின்னறையில் ஒரு சுவர் அலமாரி. வெகுநாள் பூட்டிக் கிடந்த ஈரவாடை. முன்னறையில் இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று கிடந்தது.

"முன்னாடி இருந்தவங்களோடது. வேணாம்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும். அதுவும் தனியாத்தானே கிடக்கு."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார்.

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். நல்ல கனத்த உடம்பு. அந்த சோபாவில் உட்காரும்போதெல்லாம் அவள் பழக்கதோஷத்தில் ஓர் ஓரமாகவே உட்கார்ந்தாள். மறுபக்கம் காலியாகவே இருந்தது.

வாசனை மெழுகுவர்த்தி செய்யும் வேலை அவளை ஓரளவு காப்பாற்றியது. கொதிநீருக்குள் பாத்திரத்தை இறக்கி சோயா மெழுகுச் செதில்களை உருக்குவாள். சூடு கொஞ்சம் தணிந்ததும் வாசனை எண்ணெயைச் சேர்த்து, நுரை எழும்பாமல் கிளறி, திரி நிறுத்திய ஜாடிகளில் ஊற்றுவாள். பூவேலை செய்த பச்சைக் கண்ணாடி, வைரம் போலப் பட்டை தீட்டிய வெள்ளைக் கண்ணாடி என்று விதவிதமான ஜாடிகள். ஊற்றுமுன் அவற்றை வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடி குளிர்ந்திருந்தால் மெழுகு ஆறும்போது அங்கங்கே ஒட்டாமல் விலகி, உள்ளுக்குள் நீர் கோத்தது போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். பிறகு மூடி போட்டு இரண்டு வாரம் ஊற வைக்க வேண்டும்.

மூடி முக்கியம். ஒருமுறை வாசனை சேர்க்காத ஜாடி ஒன்றை மூட மறந்து சமையலறையில் விட்டுவிட்டாள். ஏற்றிப் பார்த்தால் வீடு முழுக்க வெங்காய வாடை! மூடாத மெழுகு பக்கத்தில் இருப்பதைக் குடித்துவிடும்.

அந்தத் தவறுதான் அவளுக்கு யோசனை கொடுத்தது.

கணவரின் கட்டம்போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். மெஷின் எண்ணெய், சவர சோப்பு, அவருடைய வேர்வை. பையைத் திறந்து முகரும்போதெல்லாம் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்துபோனால் அவர் இரண்டாம் முறை போய்விடுவார் என்று பயந்தாள். அதனால் சட்டையை சுவர் அலமாரிக்குள் மாட்டி, அதன் கீழே வாசனை சேர்க்காத ஒரு வெள்ளை ஜாடியை மூடாமல் வைத்து, கதவைச் சாத்தினாள்.

இரண்டு வாரம் கழிந்த ஒரு மாலையில், ஜாடியை எடுத்து வந்து சோபாவுக்கு முன்னால் வைத்து ஏற்றினாள்.

முதல் தடவை ஏற்றினால், உருகிய மெழுகு கண்ணாடியின் விளிம்பைத் தொடும்வரை அணைக்கக் கூடாது. இல்லாவிட்டால் பிறகு எப்போதும் நடுவில் குழியாகவே எரியும். அவள் காத்திருந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு மெல்ல வந்தது.

அது அவர் இல்லை.

தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயுமுன் முடிந்துகொண்ட கூந்தலின் வாடை. ஒரு பெண்ணின் வாடை. அதற்கு அடியில், நாள்கணக்கில் காற்றே படாத அறையின் புழுக்கம்.

அவள் பின்னறைக்கு ஓடி அலமாரியைத் திறந்து சட்டையில் முகம் புதைத்தாள். மெஷின் எண்ணெய் இல்லை. சோப்பு இல்லை. அவர் இல்லவே இல்லை.

சட்டையின் காலர் ஈரமாக இருந்தது.

மறுநாள் மாலை அக்கா காரில் வந்து இறங்கினாள். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி குட்டி, போன் பண்ணினா எடுக்க மாட்டியா? மெழுகு ஊத்தி ஊத்தி காதையும் அடைச்சுக்கிட்டியா?" என்றவள் சட்டென்று நின்று மூக்கை உறிஞ்சினாள். "யாருடி தலைக்குக் குளிச்சது?"

"நான் குளிக்கலக்கா."

"அப்புறம் யாரு இருக்கா இங்க?"

தங்கை சட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். அக்கா நேராகப் படியிறங்கி வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"முன்னாடி ஒரு பொம்பளை தனியா இருந்தாளாம். குளிச்சிட்டு ஈரத் தலையோட வந்து இந்த சோபால உக்காந்தவதான், அப்புறம் எழுந்திரிக்கவே இல்லையாம். ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. வாடை வந்தப்புறம்தான் கதவை உடைச்சிருக்காங்க. கிளம்பு. இப்பவே."

"அவரோட வாசனை, அக்கா…"

"வாசனையைக் கட்டிக்கிட்டா குடித்தனம் பண்ணப்போறே? என்கூட வா. என் பசங்க போடற சத்தத்துல பேய் என்ன, நானே ஓடிடுவேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தலையாட்டினாள். இருவருமாக ஜாடிகளைச் செய்தித்தாளில் சுற்றினார்கள். அந்த வெள்ளை ஜாடியை அக்காவே இறுக்கி மூடி, துடைத்து, சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"இந்த ஜாடியை வழியில எங்கயாவது வீசிடறேன். நீ விளக்கை அணைச்சிட்டு கீழ வா."

பெட்டியோடு அக்கா இறங்கிப் போனாள். அவள் விளக்கை அணைத்தாள். ஜன்னலில் மட்டும் மங்கிய வெளிச்சம்.

பின்னறைக் கதவு அசைந்தது.

மெஷின் எண்ணெய்.

சவர சோப்பு. வேர்வை. ஒரு வருடத்துக்கு முந்தைய மாலைகளில் கதவைத் திறந்ததும் வருமே, அதே அளவு, அதே சூடு. அது அவளைத் தாண்டிப் போய் சோபாவை அடைந்தது.

சோபாவின் மறுபக்கம் மெதுவாக அழுந்தியது.

அவர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் கிறீச்சிடும். இது ஒரு பூனை உட்கார்ந்தது போல லேசாக அழுந்தியது. கைப்பிடியிலிருந்து தரையில் ஒரு சொட்டு நீர் விழுந்தது.

இன்னொரு சொட்டு.

அவருடைய வாசனையை யாரோ சட்டை போல எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. கீழே அக்கா ஹாரன் அடித்தாள். இறங்கிப் போனால் அக்காவின் வீடு, பிள்ளைகள், வெளிச்சம். ஆனால் இந்த வாசனை இங்கேயே நின்றுவிடும். உலகத்தில் வேறு எங்கும் அது இல்லை.

அவள் ஜன்னலருகே போனாள்.

"அக்கா, நீ போ. நான் காலைல வரேன்."

"அடியே! பைத்தியமா உனக்கு? இறங்கி வாடி!"

"காலைல வரேன்க்கா. சத்தியமா."

கதவை உள்பக்கம் தாழிட்டாள். மேலே வந்து தட்டிய அக்கா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். கடைசியில், "விடிஞ்சதும் ஆளோட வந்து கதவை உடைப்பேன், பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கார் சத்தம் தேய்ந்ததும் அவள் சோபாவின் தன் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரோ குளிரில் நடுங்குவது தெரிந்தது.

"தெரியும்," என்று கிசுகிசுத்தாள். "நீ அவர் இல்லன்னு தெரியும்."

சொட்டு விழுவது நின்றது.

"பரவால்ல. உக்காரு."

அவள் கையை நடுவில் வைத்தாள்.

விடியுமுன்பே அக்கா எழுந்து, கிளம்புகிற அவசரத்தில் காரிலிருந்து பெட்டியை இறக்கினாள். வழியில் வீச மறந்துபோன ஜாடி மேலாகவே இருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாள் நனைந்து கிழிந்திருந்தது. மூடியைத் திறந்தாள்.

ஈரக் கூந்தல் வாடை. மெஷின் எண்ணெய். இரண்டோடும் கலந்து மூன்றாவதாக ஒன்று. அதை அக்காவால் தூக்கத்திலும் அடையாளம் சொல்ல முடியும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கும்போது தங்கையின் கழுத்திலிருந்து வருமே, அது.

போனை எடுத்துத் தங்கையை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜாடியை வாசல் விளக்கு வெளிச்சத்தில் திருப்பினாள். நேற்று அவளே துடைத்து வைத்தபோது பளிச்சென்று இருந்த கண்ணாடி. இப்போது மெழுகு உள்ளுக்குள் விலகி, நீர் கோத்தது போல ஒரு கையின் தடம். விரித்த ஐந்து மெல்லிய விரல்கள். கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. அது உள்பக்கம் இருந்தது.

அந்தக் கையோடு விரல் கோத்து இன்னொரு கை. அதன் சுண்டுவிரல் கொக்கி போல வளைந்திருந்தது.