கேட்டைத் தொடாதவர்கள்

பாறைக்குப் போகும் வழியில் இரும்புக் கேட் பூட்டியிருந்தது. 'பாறை ஏறுபவர்கள் உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை.

"அவங்க நிலம். வேண்டாம்னா வேண்டாம்தான். வா, போகலாம்" என்றார் அப்பா.

பல்லி நகரவில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு ஏறுவதால் அவளுக்கு அந்தப் பெயர். வேலிக்கு அப்பால் பாறை தெரிந்தது. பாதி உயரத்தில் ஒரு திட்டு. பல்லி ஏறும்போது அங்கே உட்கார்ந்துதான் அம்மா கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அம்மா இறந்தபின் இன்றுதான் வந்திருக்கிறார்கள்.

வேலிக்கு உள்ளேயிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு நிலத்துக்காரப் பெண் வந்தார்.

"படிக்கத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. நாங்க என்ன தப்பு செஞ்சோம்? குப்பைகூடப் போட்டதில்ல. கேட்டை மூடிட்டுத்தான் போவோம். அம்மா இழுத்து இழுத்துப் பார்ப்பாங்க."

"ஓஹோ! அந்தப் புண்ணியவதி உங்க அம்மாதானா?" அவர் பூட்டைத் திறந்தார். மாடுகள் முண்டியடித்து வெளியே வந்து, வழியோரத் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்தன. "தண்ணி இந்தப் பக்கம், மேய்ச்சல் அந்தப் பக்கம். அதுக்குத்தான் கேட்டைத் திறந்து போடுவேன். நீங்க மூடிட்டுப் போனா இதுங்க நாக்கைத் தொங்கப்போட்டு நிக்கும். அதான் யாரும் வராம பூட்டிட்டு, இப்போ சாவியும் கையுமா நானே அலையறேன்."

அப்பா தலை குனிந்தார். பல்லி மாடுகளையே பார்த்தாள்.

"அத்தை, இனிமே திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கேட்டைத் தொடவே மாட்டோம்."

"பின்னே, பறந்து போவியா?"

"வேலி மேல ஏறித் தாண்டிப் போறோம். எங்களுக்குத் தெரிஞ்ச வேலையே அதுதானே!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் வேலிக் கம்பி அறுந்து போகும்டி!"

"ரெண்டு பக்கமும் மரப்படி வச்சா?"

"நான் செஞ்சு தர்றேன்" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படி தயாரானது. முதலில் ஏறிய அப்பா, கடைசிப் படியில் தடுக்கிப் புல்லில் விழுந்தார்.

"இந்த லட்சணத்துல பாறை வேறயா, தம்பி?" என்றார் அத்தை. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பல்லி அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

அப்பா சுற்றுவழியாகத் திட்டுக்குப் போய்க் கயிற்றை இறக்கினார். பல்லி ஏறினாள். மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா."

கீழே கேட் திறந்து கிடந்தது. மாடுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குப் போயின. கடைசி மாடு குடித்து முடிக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.