கடலைப் பழகாதவள்

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் கட்டடம் முழுவதும் திரைகள் அணைந்தன. வேலைத்திரை, செய்தித்திரை, ஒற்றை ஆளாகப் பார்க்கிற எல்லாத் திரையும். கொஞ்ச நேரம் இருட்டு. பிறகு வீட்டுக்கு வீடு கூடத்துச் சுவர் மட்டும் மெல்ல ஒளிர்ந்தது. இணைநேரம் தொடங்கிவிட்டது.

கிளாட்வின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்து சுவரின் முன் தரையில் உட்கார்ந்தான். சுவரோரத்து ஆணியில் இரண்டு ஜோடித் தொடுவுறைகள் தொங்கின. பெரிய ஜோடியை எடுத்துக் கைகளில் மாட்டிக்கொண்டான். சின்ன ஜோடியைத் தொடவில்லை.

அழைப்புமணி அடித்தது. இந்த நேரத்தில் யாரும் வருவதில்லை.

"மச்சான், கதவைத் திறங்க. தனியா நிக்கிறேன். ரோந்துக்காரன் பார்த்தா பிடிச்சிட்டுப் போயிருவான்."

மனைவியின் தம்பி சேவியோ. கையில் ஒரு மிக்சர் பொட்டலம்.

"உன் பொண்டாட்டி ஹில்டா எங்கே?"

"அணைக்கட்டு வேலைக்குப் போயிருக்கா. வர ஒரு வாரமாகும். நான் உங்ககூட உட்கார்ந்து பார்க்கிறேன். பார்க்கிறவனும் கணக்குல சேர்த்திதான், சட்டத்துலயே இருக்கு."

"பார்க்க என்ன இருக்கு?"

"ஆட்டத்தோட ரெண்டாம் பாகம் இன்னைக்குத்தான வருது? ஊரே அதைப் பத்தித்தான் பேசுது. நீங்க மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி வேட்டியோட உட்கார்ந்திருக்கீங்க."

தெரியாமல் இல்லை. காலையிலிருந்து அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கிளாட்வின் நகர்ந்து இடம் விட்டான். சேவியோ சப்பணமிட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான்.

மேட்டுநகரில் இணைநேரமாகிய இந்த ஒரு மணி நேரம் யாரும் தனியாக இருக்கக்கூடாது. கடல் ஏறி வந்து, கரை ஊர்கள் இந்தப் பீடபூமிக்குப் பெயர்ந்த பிறகு, ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை என்று ஆகிப்போனது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பேச்சு மறந்து போனவர்கள் இருந்தார்கள். சிலர் இறந்து கிடந்ததைப் பல நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. யாரோடாவது சேர்ந்து ஒரு கூட்டாட்டம், கோ-ஆப் கேம், ஆட வேண்டும். வெட்டுக்குத்து கிடையாது. பேரனும் தாத்தாவும் சேர்ந்து ஆடக்கூடிய சாகச ஆட்டங்கள்தான்.

அவற்றில் 'விண்மீன் தூக்கிகள்' ஆடாத வீடு இல்லை. வானத்திலிருந்து தவறி விழுந்த ஒரு குட்டி விண்மீனை இரண்டு குள்ளர்கள் அதன் வீட்டுக்குத் திரும்பத் தூக்கிப் போக வேண்டும். ஒரு நீளக் கம்பு, நடுவில் வலை, வலைக்குள் விண்மீன். முன்முனை ஒருவர் தோளில், பின்முனை இன்னொருவர் தோளில். ஒருவர் விரைந்து மற்றவர் தாமதித்தால் விண்மீன் வழுக்கி விழுந்து கைக்குழந்தைபோல் வீறிடும். தூக்கி வைத்தால் சிரிக்கும். மறுமுனையில் இருப்பவர் இழுக்கிற இழுப்பு, நிற்கிற நிற்பு, எல்லாம் தொடுவுறை வழியாகக் கைக்கு வந்துவிடும். ஆட்டமே அந்த இழுப்புதான்.

சுவரில் மலைச்சரிவு விரிந்தது. நீலப் புல், ஊதா மூடுபனி. சிவப்புத் தொப்பிக் குள்ளன் முன்முனையைப் பிடித்தபடி நிற்க மாட்டாமல் குதித்துக்கொண்டிருந்தான். கிளாட்வின் பின்முனையைத் தோளில் ஏற்றினான்.

உள்ளங்கையில் இழுப்பு வந்தது. இடது பக்கமாக, வெடுக்கென்று. மனைவி ஜெசிந்தா எப்போதும் அப்படித்தான். புறப்படும்போது இடது பக்கம் ஓர் இழுப்பு. அவன் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து கொடுப்பான். சரியாகிவிடும்.

சேவியோ மெல்லுவதை நிறுத்தினான். "அப்படியே இருக்கா" என்றான்.

"ம்."

ஜெசிந்தா போன மழைக்காலத்தில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய அன்றும் ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. பழக்கத்தில் உறையை மாட்டினான். இடது பக்கம் இழுத்தது.

நகரத்தின் ஏற்பாடு அப்படி. ஒருவர் போய்விட்டால், அவர் இதுவரை ஆடிய ஆட்டத்திலிருந்து அவருக்கு ஒரு நிகரி உருவாகும். அவரைப் போலவே நடக்கும், குதிக்கும், அவசரப்படும், தவறும். இணை இல்லாதவர் என்று யாரும் இருக்கக்கூடாது அல்லவா? நகரப் பதிவில் ஜெசிந்தாவின் பெயருக்கு எதிரே 'தொடர்கிறார்' என்று இருந்தது. அண்டை வீட்டாரும் அப்படித்தான் பேசினார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் தன் தம்பியின் நிகரியோடு பல ஆண்டுகளாகப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை. விசாரிக்க எதுவும் ஆகிவிடவில்லை. கிளாட்வின் அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வேலை பார்த்தான், சாப்பிட்டான், மாலை ஐந்து மணிக்கு உறையை மாட்டினான். அந்த ஒரு மணி நேரம்தான் நாள். மற்றதெல்லாம் அதற்கு வழி.

சரிவில் இறங்கினார்கள். முதல் பாகத்தைப் போலவேதான் தொடங்கியது. தொங்குபாலம், காற்றுக் குகை, தூங்கும் கரடி. ஜெசிந்தா கரடியின் மூக்கை மிதித்தாள். கரடி தும்மியது, விண்மீன் எகிறியது, கிளாட்வின் ஓடி வலையில் பிடித்தான். விண்மீன் கிலுகிலுவென்று சிரித்தது.

"பார்த்துப் போகச் சொல்லுங்க மச்சான். சின்ன வயசுல என் மூக்கையும் இப்படித்தான் மிதிச்சா."

"சொன்னா கேப்பாளா?"

"அதுவும் சரிதான்."

மூடுபனி விலகியது. முன்னால் தரை முடிந்து போயிருந்தது. அதன் பிறகு நீலம். எல்லை இல்லாமல், மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டு, ஓர் ஓசையோடு.

மேட்டுநகரில் பிறந்தவர்கள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. கரை இப்போது தடை செய்யப்பட்ட பகுதி. படங்கள் உண்டு. ஆனால் சுவர் முழுக்க, அறை முழுக்க, இப்படி யாரும் காட்டியதில்லை. இரண்டாம் பாகத்தில் கடல் வருகிறது என்று முதன்முதலில் கேள்விப்பட்ட அன்று ஜெசிந்தா சமையலை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். "கிளாடு, நாந்தான் முன்னாடி. நீ பயந்தா கரையிலயே நில்லு. கம்பை மட்டும் விட்டுராத" என்றாள். அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

கிளாட்வின் கம்பைச் சற்று முன்னே தள்ளினான். "போ" என்றான்.

சிவப்புத் தொப்பி ஈர மணல்வரை போய் நின்றது. அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போனது. அது அசையவில்லை. கையில் இழுப்பு இல்லை. இடதும் இல்லை, வலதும் இல்லை. கம்பின் மறுமுனையைச் சுவரில் சாத்தி வைத்ததுபோல் இருந்தது.

சுவரில் எழுத்துகள் மிதந்து வந்தன. 'உங்கள் நிகரிக்கு இந்த இடம் பழக்கம் இல்லை. பழக்குகிறீர்களா?'

"அப்படின்னா?" சேவியோ கேட்டான்.

"முதல் பாகத்துல தண்ணியே கிடையாது. அதனால இங்க என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியலை. நான் நடந்து காட்டினா பழகிக்கும். வேண்டாம்னா, பழக்கினதை ஆறு மணிச் சங்குவரைக்கும் விலக்கிறலாம். சங்கு ஊதிட்டா அப்படியே நிலைச்சிரும்."

"அப்ப காட்டுங்க. அவ எத்தனை நாள் காத்திருந்தா இதுக்கு!"

கிளாட்வின் பழக்கத் தொடங்கினான். முன்னால் போய்த் தண்ணீரில் கால் வைத்தான். அலை வரும்போது நின்று, போகும்போது நடந்தான். பாறை தெரிந்தால் முதலில் காலால் தொட்டுப் பார்த்து, பிறகு ஏறினான். மூன்று அலை கடந்ததும் உறையில் மெல்லிய ஓர் அசைவு வந்தது. சிவப்புத் தொப்பி ஓரடி எடுத்து வைத்தது. பிறகு இன்னொன்று.

சேவியோ கை தட்டினான். "இறங்கிட்டா! கடல்ல இறங்கிட்டா!"

அவள் மறுபடி முன்முனைக்கு வந்தாள். இருவரும் நடந்தார்கள். இடுப்பளவு, மார்பளவு. கம்பு மிதந்தது, வலை மிதந்தது, விண்மீன் தண்ணீருக்குள் விளக்குப்போல் எரிந்தது. அடியில் வெள்ளி மீன்கள் கூட்டமாகத் திரும்பின, எல்லாம் ஒரே உடம்பு மாதிரி. ஒரு பெரிய ஆமை அவர்களைப் பார்த்துவிட்டு, பொருட்படுத்தாமல் போனது. கரை பின்னால் சிறுத்து, கோடாகி, மறைந்தது. அறையின் மூலைகள் எங்கே என்று தெரியவில்லை. கால் தரையில் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. தினமும். கடல் முடிகிறவரை.

மிக்சர் பொட்டலம் சேவியோவின் மடியில் அப்படியே கிடந்தது.

"மச்சான்."

"ம்."

"அவ நிக்கிறா பாருங்க."

முன்னால் ஒரு பாறை. சிவப்புத் தொப்பி அதன் அருகே நின்றது. காலால் தொட்டுப் பார்த்தது. அலை போகக் காத்திருந்தது. பிறகு ஏறித் திரும்பி, கிளாட்வின் ஏறும்வரை நின்றது.

"சரியாத்தான போறா?"

"சரியாத்தான் போறா. அதான் சொல்றேன். எங்கக்கா என்னைக்கு எதைத் தொட்டுப் பார்த்திருக்கா? பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே குதிக்கிறவ. இது நீங்க மச்சான். தொப்பிதான் அவளோடது."

கிளாட்வின் கையைக் கவனித்தான். கம்பு நேராக இருந்தது. எவ்வளவு நேரமாக நேராக இருக்கிறது? அவன் வலது பக்கம் சாய்ந்து கொடுப்பதை எப்போது நிறுத்தினான்? நினைவில்லை. மறுமுனையில் இருந்த நடை அளந்து வைத்த நடை. அவனுடைய நடை. இரண்டு முனையிலும் அவனே நின்று தூக்கிக்கொண்டிருந்தான்.

"கடல்ல அவ இப்படித்தான் நடந்திருப்பாளோ என்னவோ" என்றான்.

"யாருக்குத் தெரியும்? அவ கடலைப் பார்த்ததே இல்லையே. எப்படி நடந்திருப்பான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தப் பொட்டிக்கும் தெரியாது."

"நீதானலே காட்டச் சொன்ன?"

"ஆமா, சொன்னேன். ஆசையா இருந்துச்சு. நீங்க தினமும் அவகூட ஆடுறீங்க. எனக்கு என்ன இருக்கு? நானும் அவளும் சேர்ந்து ஆடினதே இல்லை, எப்பப் பார்த்தாலும் சண்டை. எனக்கு நிகரி கிடையாது. ஹில்டாகிட்ட அழுதா 'அதான் தொடர்றாங்களே'ங்குறா." சேவியோவின் குரல் உடைந்தது. "உங்களுக்கு அவ சாகலை மச்சான். எனக்கு மட்டுந்தான் செத்துப்போனா."

சுவரின் ஓரத்தில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. சங்குக்கு அதிகம் இல்லை. தொலைவில் ஒரு தீவு தெரிந்தது. விளக்குகள், மரங்கள், விண்மீனின் வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டு. இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும். அவளைக் கடல் கடக்க வைத்துவிடலாம். கடந்து வருவது அவளாக இருக்காது. நாளைக்கு மலைச்சரிவில் புறப்படும்போதும் இடது பக்கம் இழுக்காது. நிகரிக்கு ஒரு நடைதான். பழையதன் மேல் புதியது படிந்துவிடும்.

விலக்கினால் அவள் இருப்பாள். கரைவரை. அதற்கு அப்பால் எங்கேயும் இல்லை. மூன்றாம் பாகம் வரும், நான்காம் பாகம் வரும். அவனுக்கு முடி நரைக்கும். அவள் ஈர மணலில் நின்றுகொண்டிருப்பாள்.

சிவப்புத் தொப்பி அவனுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. அந்தப் பொறுமையைப் பார்க்க முடியவில்லை.

"விலக்கு" என்றான்.

கடல் சுருண்டு பின்னோக்கி ஓடியது. மீன்கள் போயின, ஆமை போனது. ஈர மணலுக்குச் சற்று முன்னால், புல் முடிகிற இடத்தில் இருவரும் நின்றார்கள். கையில் வெடுக்கென்று வந்தது. இடது பக்கம். கிளாட்வின் வலது பக்கம் சாய்ந்தான். அவள் தடதடவென்று ஓடினாள், வலை குலுங்கியது, விண்மீன் வீறிட்டது. தண்ணீர் தொடுகிற இடத்தில் நின்றாள்.

இழுப்பு அற்றுப்போனது.

அவன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஓராண்டாக அவன் கையில் இருந்தது முடிகிற இடம் இதுதான். இது ஒரு கோடு. மணலில் ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே.

கம்பை மெல்ல மணலில் இறக்கி வைத்தான்.

"சேவியோ."

"சொல்லுங்க."

நாக்கு அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டான்.

"ஜெசி செத்துட்டா, லே."

"ஆமா மச்சான்" என்றான் சேவியோ. "செத்துட்டா."

கிளாட்வின் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான். தொடுவுறைக்குள் கண்ணீர் இறங்கியது. அதை இழுப்பென்று எண்ணி, உறை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. சேவியோ அவன் முதுகில் கை வைத்தான்.

சுவரில் அலைகள் வந்துகொண்டிருந்தன. ஒரு பெரிய அலை முழங்கால்வரை ஏறி, சிவப்புத் தொப்பிக்காரியை நனைத்துவிட்டுத் திரும்பியது. துள்ள வேண்டும் என்றோ கத்த வேண்டும் என்றோ அவளுக்குத் தெரியவில்லை. கடலைப் பார்த்தபடி நின்றாள்.