நீர்நாய்ப் பாறை

"நீர்நாயா? இந்த ஓடையிலயா?" எஸ்டேட் மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரிம்மா. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு அடையாளம் கொண்டு வா, ஓடைக்கரைப் புதர்ல கை வைக்க மாட்டோம். இல்லேன்னா திங்கக்கிழமை வெட்டு!"

அந்தச் சிரிப்பைவிடப் பவுன்தாயை அதிகம் சுட்டது வேறொன்று. புதர் வெட்டப் போகும் ஆட்களில் அவளும் ஒருத்தி. தண்ணீர் வரைக்கும் தேயிலை வைத்துவிட்டால் நீர்நாய் எங்கே ஒளியும், எங்கே குட்டி போடும்? அதன் வீட்டை அவள் கையாலேயே இடிக்க வேண்டுமா?

ஞாயிறு விடிந்ததும் படை கிளம்பியது! பவுன்தாய், அவளோடு ஒரே லயன் வீட்டு வரிசையில் வளர்ந்த ரெஜினா, ரெஜினாவின் தம்பி சூசை. ரெஜினா திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்தாள். சூசை ஜீப் ஓட்டுகிறான். மூவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஓடைக்குள் கால் வைத்த மறுகணமே வயதெல்லாம் பறந்துவிட்டது.

"அட்டை ஏறும், காலுக்கு உப்புத் தேய்ச்சுக்குங்க!" என்று கத்தினான் சூசை.

"பாசி வழுக்குது, என் பின்னாலயே வாங்க!" என்றாள் பவுன்தாய். சொல்லி வாய் மூடவில்லை, ரெஜினா சறுக்கினாள்! சூசை பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். அருவியோரம் வேரைப் பற்றி மூவரும் மேலே ஏறினார்கள்.

மேலே அவர்களுடைய பழைய கசம், அந்த ஆழமான மடு, கறுத்துக் கிடந்தது. சின்ன வயதில் துண்டை விரித்து மீன் பிடித்த இடம். ஒருமுறை சூசை நண்டுகளைச் சட்டையில் முடிந்து வைத்தான். நீர்நாய்க் கூட்டம் சட்டையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது!

"வெறும் உடம்போட வீட்டுக்குப் போயி அப்பாகிட்ட வாங்கினேன் பாரு அடி!" என்றான் சூசை. மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்படிச் சேர்ந்து சிரித்து எத்தனை வருஷமாயிற்று!

ஆனால் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. கரைச் சேற்றில் இருந்திருக்கக்கூடிய காலடிகளை முந்தின நாள் மழை கழுவிவிட்டிருந்தது. பொழுது உச்சி தாண்டியது, பசி காதை அடைத்தது. எப்போதும் உட்கார்ந்து சாப்பிடும் கசத்தோரத் தட்டைப் பாறைக்கே போனார்கள்.

"சோறு வைக்கிற எடமா இது? என்னமோ அப்பிக் கெடக்கு, ஒரே மீன் கவிச்சி!" பவுன்தாய் ஒரு கொத்துப் பெரணி இலையைப் பறித்துப் பாறையைப் பரபரவென்று தேய்த்தாள், தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், இலைக்கொத்தைத் தண்ணீரில் வீசி எறிந்தாள். எங்கே போனாலும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

முதல் கவளத்தோடு ரெஜினாவின் கை நின்றது. "ஏ பவுனு, நாம மீனே கொண்டாரலியே. கவிச்சி எப்படி வந்துச்சு?"

மீனும் நண்டும் தின்னும் நீர்நாயின் எச்சம்! காலையிலிருந்து தேடிய புதையலை அவளே தேய்த்துக் கழுவித் தண்ணீரில் விட்டிருக்கிறாள்!

"நாசமாப் போச்சே! நானே அழிச்சுட்டேனே!" தலையில் அடித்துக்கொண்டாள்.

"அழுவாதக்கா. தேய்ச்ச எலை எங்க?" என்றான் சூசை.

அதோ! அருவியின் விளிம்பை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது. பவுன்தாய் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தாள். நீரோட்டம் காலை வாரியது. "பவுனு, வேணாம்! திரும்பு!" என்று ரெஜினா அலறினாள். விளிம்புக்குக் கையெட்டும் தூரத்தில், நாணற்செடி ஒன்றில் இலைக்கொத்து சிக்கி நின்றது. பவுன்தாய் ஒரு கையால் நாணலையும் மறு கையால் கொத்தையும் பற்றினாள். சூசை வீசிய துண்டைப் பிடித்துத்தான் கரையேறினாள்.

கொத்தைப் பிரித்தார்கள். இலைமடிப்பில் அப்பிக் கிடந்தன, சிவப்புச் சிவப்பாய் நொறுங்கிய நண்டு ஓடுகள்!

சாயங்காலம், அவர்கள் கொத்தைப் போட்டுக் கொண்டுவந்த தூக்குவாளியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோன மேனேஜர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். அவர் அழைத்த வனத்துறைக்காரரோ முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "நீர்நாயேதான் சார்!" மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. புதர் தப்பியது.

திங்கட்கிழமை பவுன்தாய் வேறு தேயிலைக் காட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போனாள். மத்தியானம் தூக்குவாளியோடு ஓடைப் பக்கம் ஏறினாள். அவள் பளபளவென்று தேய்த்து வைத்த பாறையின் நட்டநடுவில் புத்தம்புதிதாக ஒரு குவியல்!

கை வழக்கம்போல் பெரணி இலைக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உன் எடம்தான், வச்சுக்க" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குச் சோற்றை எட்ட நின்றே சாப்பிட்டாள்.